புறங்கை

என் கணவர் எதையும் புறங்கையால்தான் தொட்டுப் பார்ப்பார். கஞ்சி ஆறிவிட்டதா, இஸ்திரிப் பெட்டி சூடேறிவிட்டதா, எனக்குக் காய்ச்சல் அடிக்கிறதா, எல்லாவற்றுக்கும் கையைத் திருப்பிக்கொண்டுதான் வருவார். உள்ளங்கையால் ஒரு தடவை நெற்றியைத் தொட்டால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று கேட்பேன்.

"தொழில் பழக்கம், டீச்சரம்மா. விடமாட்டேங்கு" என்பார்.

தூத்துக்குடிக்குத் தெற்கே ஓர் உப்பளத்தில் மோட்டார் பார்க்கிற வேலை அவருக்கு. கிணற்றிலிருந்து உப்புத் தண்ணீரை இறைத்துப் பாத்திகளுக்கு அனுப்புகிற மோட்டார்கள். ஸ்டார்ட்டர், ஃபியூஸ், பைப், எது மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். மோட்டார் பக்கத்தில் போனதும் அதன் உடம்பைப் புறங்கையால் லேசாகத் தட்டிப் பார்ப்பார். கரண்ட் கசிந்தால் கை சுருங்கும். புறங்கை என்றால் சுருங்குகிற கை தானாக விலகி வந்துவிடும், உள்ளங்கை என்றால் பொத்திப் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையில் இருக்கிற பலர் இப்படித்தான் பார்ப்பார்கள். டெஸ்டர் ஒன்று சட்டைப் பையில் இருக்கத்தான் செய்தது. அதை அவர் முதுகு சொறிவதற்குத்தான் அதிகம் எடுத்தார்.

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. மின்னோட்டத்தின் விளைவுகள் என்ற பாடத்தை வருஷா வருஷம் நடத்துகிறேன். வெப்ப விளைவு, காந்த விளைவு, வேதி விளைவு. நான் வீட்டில் உட்கார்ந்து பாடக்குறிப்பு எழுதும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "மூணுதானா? நாலாவது ஒண்ணு இருக்குல்லா, கரண்டு பில்லு" என்பார். இதையே வருஷா வருஷம் சொல்வார். நானும் வருஷா வருஷம் சிரித்தேன்.

கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த் விஷயத்தில் எங்கள் கரைக்கு ஒரு மிதப்பு உண்டு. உள்நாட்டுப் பக்கம் எர்த் குழி தோண்டி, உப்பும் கரியும் போட்டு, கோடையில் தண்ணீர் ஊற்றிப் பராமரிப்பார்கள். எங்கள் ஆட்களுக்கு அதைக் கேட்டாலே சிரிப்பு. உப்புக்குள்ளேயே நிற்கிறோம், இன்னும் என்னத்தைப் போட என்பார்கள். கம்பியை மண்ணில் சொருகிவிட்டால் வேலை முடிந்தது. அதில் பாதி உண்மை. உப்பேறிய ஈர மண் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதே உப்பு இரும்பைத் தின்றும் தீர்த்துவிடும். இந்த ஊரில் ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டுக் கொண்டி என்று எதுவும் துருவுக்குத் தப்பியதில்லை. அத்தனையையும் கண்ணால் பார்க்கிறவர்கள், மண்ணுக்குள் கிடக்கிற கம்பி மட்டும் அப்படியே இருக்கும் என்று நம்பினார்கள். அளத்து முதலாளி நம்பினார். என் கணவரும் நம்பினார். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அன்று காலையில் வீட்டில் ஒரு சின்னச் சண்டை. என் மாமியார் அறையில் ஃபேன் கொஞ்ச நாளாகவே சோம்பிச் சோம்பிச் சுற்றிக்கொண்டிருந்தது. கண்டென்சர் போயிருந்தது. அதை மாற்றுவது அவருக்குக் காப்பி குடிக்கிற நேரத்து வேலை. இன்றைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார்.

"ஊர்ல உள்ள மோட்டாரெல்லாம் ஓட்டுதான். பெத்தவளுக்கு ஒரு ஃபேன் ஓட்ட வக்கில்ல" என்று அத்தை சத்தம் போட்டார்.

"சாயந்திரம் வந்து மாட்டுதேன், சும்மா நைநைங்காத" என்றார் இவர். காப்பியைத் தொடாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தினமும் நடக்கிற சண்டைதான். தெரு முனை தாண்டுவதற்குள் அவர் மறந்திருப்பார்.

அங்கே நடந்ததை அளத்தில் உப்பு வாருகிற ஓர் அக்கா வந்து சொன்னாள். பைப்பில் பாசி அடைத்திருந்தது. இவர் சுத்தம் செய்தார். வழக்கம்போல மோட்டாரைப் புறங்கையால் தட்டிப் பார்த்துவிட்டு ஓடவிட்டார். அப்போது ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் ஓடிய பிறகுதான் உள்ளே இருக்கிற கம்பிச் சுருள் எரிந்து கரண்ட் வெளி இரும்புக்கு வந்திருக்கிறது. எர்த் சரியாக இருந்திருந்தால் அந்தக் கரண்ட் மண்ணுக்கு ஓடி, ஃபியூஸ் போய், மோட்டார் நின்றிருக்கும். எரிச்சலோடு ஃபியூஸ் கட்டியிருப்பார், அவ்வளவுதான். அந்த நேரத்தில் இவர், தண்ணீர் சரியாக வருகிறதா என்று பார்க்க வெறுங்காலோடு பாத்தித் தண்ணீரில் இறங்கி நின்றிருந்தார். சேற்றில் கால் வழுக்கியது. விழாமல் இருக்க மோட்டாரிலிருந்து வருகிற இரும்புப் பைப்பைப் பிடித்துவிட்டார். விழப்போகிறவன் கையைத் திருப்பிக்கொண்டா பிடிப்பான்?

"கைய விடுங்க அண்ணாச்சி, கைய விடுங்கன்னு கத்துனேன் டீச்சர். என்னையவே பாத்துக்கிட்டு நிக்காவ, விடல. ஓடிப்போய் மெயின ஆஃப் பண்ணுததுக்குள்ள..."

பிறகு அந்த எர்த் கம்பியைப் பிடுங்கிப் பார்த்தார்கள். ஒரு சாண்தான் வந்தது. மேலே பச்சைப் பெயிண்ட், அடியில் மொட்டையாக, மக்கிய குச்சிபோல. மீதியை மண் எப்போதோ தின்றுவிட்டிருந்தது.

சாவு வீட்டில் எல்லோரும் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்கள். கையை எடுத்திருக்கலாமே? உதறியிருக்கலாமே? இத்தனை வருஷம் கரண்டோடு கிடந்த ஆளுக்கு இது தெரியாதா? கேட்டுவிட்டுக் காப்பி குடித்தார்கள். எனக்கு ஒவ்வொருவர் டம்ளரையும் தட்டிவிட வேண்டும்போல இருந்தது. அவர்களுக்குப் பதில் சொல்ல என்னிடம் தெம்பு இல்லை. பதில் தெரிந்த ஒரே ஆள் அந்த வீட்டில் நான்தான்.

அத்தை யாரிடமும் கேட்கவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். "கோவத்துலயே போனான். அதான் விடல." அன்றிலிருந்து இதே பேச்சுதான். சோற்றைப் பிசைந்தபடி சொல்வார், கொடியில் துணியைப் போட்டபடி சொல்வார். ஃபேனுக்கு நானே கண்டென்சர் வாங்கி வந்தேன். மாட்டவிடவில்லை. "கெடக்கட்டும். நான் வாய வச்சதுக்கு எனக்கு இந்தக் காத்து போதும்" என்றார். சித்திரை வெயிலில் அந்த ஃபேனுக்கடியில் வியர்வையோடு கிடந்தார். நான் என் அறையில் கிடந்தேன்.

பள்ளி திறந்தது. பாடம் வந்தது. வேறு ஆசிரியர் எடுக்கட்டும் என்று தலைமை ஆசிரியை சொன்னார். வேண்டாம் என்றேன். எது என்னை அப்படிச் சொல்லவைத்தது என்று தெரியவில்லை.

டம்ளரில் தண்ணீர், இரண்டு ஆணி, பேட்டரி, ஒரு சின்ன எல்.இ.டி. முதலில் வெறும் தண்ணீரில் காட்டினேன். விளக்கு எரியவில்லை. பிறகு ஒரு கைப்பிடி உப்பைப் போட்டுக் கலக்கினேன். எங்கள் ஊர் உப்பு, அளத்து உப்பு. விளக்கு எரிந்தது. பிள்ளைகள் வழக்கம்போல ஓவென்று கை தட்டினார்கள். அந்தக் கைத்தட்டலைக் கேட்டு நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பி வந்து பார்த்தபோது ஓர் ஆணியைச் சுற்றி நுரை. இன்னோர் ஆணியிலிருந்து தண்ணீரில் பழுப்பு நிறம் இறங்கிக்கொண்டிருந்தது. இதுதான் வேதி விளைவு என்றேன்.

முன் பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. பயந்து கேட்டாள்.

"டீச்சர், ஷாக் அடிச்சா டக்குனு கைய எடுத்துரலாம்லா?"

வகுப்பில் எல்லோருக்கும் என் வீட்டுச் செய்தி தெரியும். பக்கத்தில் இருந்தவள் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"எடுக்க முடியாதும்மா" என்றேன். "நம்ம உடம்பு அசைகிறதே மூளை அனுப்புகிற சின்ன மின்சாரத்தால்தான். வெளியிலிருந்து பெரிய கரண்ட் வந்தால் தசை அது சொல்வதைத்தான் கேட்கும். கையை விரிக்கிற தசையைவிட மூடுகிற தசைக்குப் பலம் அதிகம். அதனால் மூடிக்கொள்ளும். அந்த ஆள் விடத்தான் பார்ப்பார். கைதான் கேட்காது."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது. இத்தனை மாதத்தில் இதை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை.

அன்று பள்ளி விட்டதும் நேரே அத்தை அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மேலே அந்த ஃபேன் முனகிக்கொண்டு சுற்றியது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து, என் மணிக்கட்டைச் சுற்றி அவர் விரல்களை ஒவ்வொன்றாக மூடி வைத்தேன்.

"என்னளா பண்ணுத?"

"அத்த, கரண்டு ஏறுனா கை இப்பிடித்தான் மூடிக்கிடும். நம்ம பேச்சக் கேக்காது. தெறக்கணும்னு எவ்வளவு நெனச்சாலும் இறுக்கமாத்தான் பிடிக்கும். கோவத்துல யாரும் பிடிக்கல. யாராலயும் விட முடியாது. அவுகளாலயும் முடியல."

அத்தை கொஞ்ச நேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பம் அவன் விடத்தான் பாத்திருக்கான்."

"ஆமா அத்த."

"வீட்டுக்கு வரத்தான் பாத்திருக்கான்."

பாடமாக எனக்கு அது தெரிந்ததுதான். அவர் அளத்தில் நின்றுகொண்டு, எதிரே கத்துகிறவளைப் பார்த்துக்கொண்டு, விரலைத் திறக்கப் பார்த்ததை அந்த நிமிஷத்தில்தான் நான் முழுதாகக் கண்டேன். அத்தையும் கண்டிருப்பார். அதுவரை, கோபத்தில் விடாமல் போய்விட்டான் என்று மகன்மேல் சொல்ல அவருக்கு ஒரு குறையாவது இருந்தது. அதையும் நான் எடுத்துவிட்டேன்.

அத்தை வாய்விட்டு அழுதார். மகன் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. என் மணிக்கட்டை அவர் விடவில்லை. இறுக இறுக வலித்தது. நான் விடச் சொல்லவில்லை.