நான் கேட்காத கேள்வி

அவர் பூதலூர்ப் பக்கம் அறுவடை மெஷின் ஓட்டுபவர். வழிப்பறி வழக்கில் தண்டனை ஆகி, ஜாமீனில் வெளியே வந்து, அப்பீலுக்காக வக்கீலான என்னிடம் வந்திருந்தார். நெட்டையான ஆள், கழுத்தில் எப்போதும் வைக்கோல் தூசி ஒட்டியிருக்கும். தஞ்சாவூரில் என் அலுவலக வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்.

கட்சிக்காரரிடம் "செய்தீர்களா?" என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் வழக்கம். பதில் தெரிந்துவிட்டால் வாதாட நாக்கு எழாது. நானும் கேட்கவில்லை. சாட்சி ஆளை அடையாளம் காட்டும் அணிவகுப்பைப் போலீஸ் தாமதமாக நடத்தியதைப் பிடித்துக்கொண்டு, மழையில் நனைந்த மைக் மாதிரி நெடுநேரம் கரகரத்தேன். ஜட்ஜ் கொட்டாவியை அடக்கிக்கொண்டு கேட்டார். தீர்ப்பில், சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்தார். எல்லாம் என் வாதத்திறமைதான் என்று கறுப்புக் கோட்டை நீவிவிட்டபடி வெளியே வந்தேன்.

கோர்ட் வாசலில் அவர் கண்கலங்கி நின்றார்.

"போலீஸ் கேட்டாங்க, ஊர்க்காரங்க கேட்டாங்க, எம் பொண்டாட்டியே கேட்டா சார். நீங்க ஒருத்தர்தான் 'நீயா செஞ்சே'ன்னு ஒருநாளும் கேக்கல. அவ்வளவு நம்புனீங்க."

பெரிய மனிதனைப் போலத் தலையசைத்து வைத்தேன். அவர் செய்தாரா என்று கேட்க அப்போதுதான் எனக்கு முதன்முதலாக ஆசை வந்தது.