டர்போ வண்டியும் ஒரு பச்சைப் புள்ளியும்

ஒரகடம் மேம்பாலத்தில் பாதிதான் ஏறியிருப்பேன். வண்டிக்கு மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது.

மிதிக்கிறேன்... ஏறவில்லை. இன்னும் மிதிக்கிறேன்... பானெட்டுக்குள்ளிருந்து 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம். கண்ணாடியில் பார்த்தால் பின்னால் கரும்புகை. புகைக்குப் பின்னால் ஒரு கன்டெய்னர் லாரி. அந்த டிரைவர் அடித்த ஹாரனில் என் முன்னோர்கள் எல்லாரும் எழுந்து உட்கார்ந்திருப்பார்கள்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கும். செகண்ட் ஹேண்டில் ஒரு டர்போ டீசல் கார் வாங்கியிருக்கிறோம் என்று சமீபத்தில் இங்கே பீற்றிக்கொண்டேன். வாழ்த்துச் சொல்லி எழுதியவர்களைவிட, 'ஐயோ, பழைய வண்டியில் டர்போவா?' என்று பதறி எழுதியவர்கள்தான் அதிகம். அவர்கள் எல்லாரும் மேம்பாலத்தின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்று என்னைப் பார்ப்பது போலவே இருந்தது.

எப்படியோ உருட்டி உருட்டி பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தேன். ஆனால் எனக்குக் கவலை வண்டியைப் பற்றி அல்ல. ஸ்டெல்லாவிடம் என்ன சொல்வது?

ஸ்டெல்லா என் மனைவி. கார் அவளுடையது. நான் வெறும் டிரைவர்.

ஒரகடத்தில் கார்களுக்கு ரப்பர் ஹோஸ், அதாவது குழாய், செய்யும் ஒரு கம்பெனியில் அவள் வேலை பார்க்கிறாள். ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். லைனில் செய்து வரும் ஹோஸை வளைத்து, தடவி, உள்ளே விரல் விட்டுப் பார்த்து, சரியாக இருந்தால் மார்க்கரால் ஒரு புள்ளி வைப்பாள். ஒவ்வொரு இன்ஸ்பெக்டருக்கும் ஒரு கலர். அவளுக்குப் பச்சை. சேர்ந்த நாளிலிருந்து பச்சைதான். அந்தப் பச்சை மார்க்கரை வேறு யாராவது தொட்டால் அன்றைக்குக் கேன்டீனில் சாப்பாடு இறங்காது அவளுக்கு.

கார் வாங்கப் போன இடத்தில் மற்றவர்கள் என்ன பார்ப்பார்கள்? எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எங்கேயாவது இடித்திருக்கிறதா, சீட் கிழிந்திருக்கிறதா... ஸ்டெல்லா நேராகப் போய் பானெட்டைத் திறப்பாள். போன் டார்ச்சை அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பாள். மூடுவாள். "வேணாங்க" என்பாள். இப்படியே பல வண்டிகளைக் கழித்துவிட்டு, ஒரு வண்டியில் மட்டும் கையை உள்ளே விட்டுத் துப்பட்டா நுனியால் எதையோ துடைத்தாள். துடைத்துவிட்டுச் சிரித்தாள்.

"இன்னாங்க, இங்க வந்து பாருங்க. என் மார்க்கு."

அழுக்குக்கு அடியில் மங்கலாக ஒரு பச்சைப் புள்ளி.

"நான் ஓகே பண்ண ஓஸுங்க இது. இந்த வண்டியவே எடுத்துக்கலாம்."

ஜாதகம் பார்த்துப் பெண் எடுத்தவர்களைத் தெரியும். ஹோஸ் பார்த்துக் கார் எடுத்தவள் எனக்குத் தெரிந்து இவள் ஒருத்திதான்.

இதைத் தெருவில் யாருக்கும் சொல்லக் கூடாது என்று வேறு சத்தியம் வாங்கிக்கொண்டாள். காரணம் இருக்கிறது.

எங்கள் தெருவில் எல்லாரும் காரில் ஏதாவது ஒரு பாகம் செய்பவர்கள். முழுக் கார் செய்பவர் யாரும் இல்லை. எதிர்வீட்டு ஆறுமுகம் பிரேக் கம்பெனி. பரம்பரையாக இதே ஊர்க்காரர். அடுத்த வீட்டுச் சேகர் டயர் கம்பெனி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். மூலை வீட்டுத் தேவா கண்ணாடி கம்பெனி. தெருவுக்குள் ஒரு புது வண்டி வந்தால் இவர்கள் வண்டியையா பார்ப்பார்கள்? ஆறுமுகம் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திக்கொள்வார். சேகர் டயரை உதைப்பார். தேவா கண்ணாடியைச் சுண்டிப் பார்ப்பார். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. இவளும் ஹோஸைப் பார்த்துத்தான் வண்டி எடுத்தாள் என்று தெரிந்தால் கிண்டல் செய்தே தீர்த்துவிடுவார்கள்.

மூன்று பேரும் ஒரே குரலில் பேசிய ஒரே விஷயம், இன்ஜினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் அந்த டர்போ வேண்டாம் என்பதுதான். தெருவில் டர்போ செய்பவர் யாரும் இல்லை. அதற்காகப் பரிந்து பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்!

"பழைய வண்டில டர்போ பூட்ச்சின்னா அப்புறம் வண்டிய காயலாங்கடைக்குத்தான் தள்ளணும்க்கா" என்றார் ஆறுமுகம்.

ஸ்டெல்லாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "டர்போ போச்சுன்னா வண்டிய குடுத்துட்றேன். அப்புறம் இந்த ஜென்மத்துல கார் பேச்சே எடுக்க மாட்டேன். போதுமா?" என்று நடுத்தெருவில் நின்று சொல்லிவிட்டாள்.

அதற்கப்புறம் அவள் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட விதம் இருக்கிறதே... பச்சைக் குழந்தையைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. ஸ்டார்ட் செய்ததும் கிளம்பக் கூடாது. ஆயில் மேலே ஏறுகிறவரை சும்மா ஓட விட வேண்டும். இன்ஜின் சூடேறும்வரை விரட்டக் கூடாது. வந்து நின்றதும் உடனே அணைக்கவும் கூடாது. டர்போ உள்ளே படுவேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும், அது கொஞ்சம் ஆறட்டும். கம்பெனி சொன்ன ஆயில்தான் ஊற்ற வேண்டும், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மாற்ற வேண்டும். ஏர் ஃபில்டரை அவளே கழற்றித் தட்டுவாள்.

வண்டி ஆறும்வரை நான் தினமும் வாசலில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பேன். வீட்டுக்குள் போகப் பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பதாகத் தெருவில் ஒரு பேச்சு. நான் மறுக்கவில்லை.

இவ்வளவு பார்த்தும் மேம்பாலத்தில் இப்படி.

அன்றைக்கு சனிக்கிழமை, மூன்று பேரும் வீட்டில்தான் இருந்தார்கள். புகையைப் பார்த்ததுமே வந்துவிட்டார்கள். பானெட்டைத் திறந்தோம். விசாரணை ஆரம்பமானது.

ஆறுமுகம் நான்கு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். "பிரேக் புடிச்சிக்கினு இழுக்கலண்ணே. வீல்ல சூடே இல்ல. எங்குளுது இல்ல."

"டயருல ஒரு கொறையும் கெடயாது அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க" என்றார் சேகர்.

"கிளாஸ் பக்காவா கீது சார்" என்றார் தேவா.

புகைக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் யாரும் கண்ணாடியைச் சந்தேகப்படவே இல்லை. அவராகவே ஆஜராகி, அவராகவே விடுதலையும் வாங்கிக்கொண்டார். இத்தனைக்கும் இடது பக்கக் கதவுக் கண்ணாடியில் மெல்லிசாக ஒரு கோடு உண்டு. வாங்கிய நாளிலேயே காட்டினேன். "அது தண்ணிக் கறை சார், தொடச்சா பூடும்" என்றார்.

ஆகக்கூடி, எல்லாரும் நிரபராதி. மிச்சம் இருப்பது டர்போ. மூன்று பேரும் என்னைத் துக்க வீட்டில் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் கம்பெனி பஸ் வந்து நின்றது. ஸ்டெல்லா இறங்கினாள். திறந்த பானெட்டைப் பார்த்தாள். எங்கள் முகங்களைப் பார்த்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது. நான் அதைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டேன்.

"டர்போவா?"



லஞ்ச் பேகை என் கையில் கொடுத்தாள். "எதுனா பேப்பர் கொண்டாங்க."

உள்ளே ஓடிப்போய்க் கைக்குக் கிடைத்ததை எடுத்து வந்தேன். இந்தப் பத்தி வரும் பக்கம். என் போட்டோவுக்குக் கீழே பாதியாகக் கிழித்து, மெல்லிய நாடா மாதிரி ஆக்கினாள். "ஆறுமுகம், ஸ்டார்ட் பண்ணி லேசா மிதி" என்றாள். பேப்பர் நாடாவை டர்போவிலிருந்து வரும் தடித்த கறுப்பு ஹோஸுக்கு அடியில் கொண்டுபோனாள். ஒரு இடத்தில் நாடா படபடவென்று அடித்துக்கொண்டது.

என் எழுத்து முதன்முறையாக ஒருவருக்குப் பயன்பட்டது.

"ஆஃப் பண்ணு" என்றாள். என் பக்கம் திரும்பி, "டர்போ நல்லா கீதுங்க. டர்போ ஊதுற காத்த இன்ஜினுக்கு எடுத்துனு போற ஓஸு கிழிஞ்சிகீது. பலூன் ஊதும்போது ஓட்டை வுழுந்தா இன்னா ஆவும்? அதான்" என்றாள்.

அப்பாடா! எனக்குப் போன உயிர் வந்தது. "பாத்தீங்களா, டர்போ இல்ல" என்று மூவரையும் ஒரு பார்வை பார்த்தேன். அதற்கப்புறம்தான் எனக்கு உறைத்தது. ஹோஸ் யாருடையது?

இன்ஜின் ஆறியதும் ஸ்க்ரூ டிரைவரால் கிளாம்ப் வளையத்தைத் தளர்த்தி ஹோஸைக் கழற்றினாள். வளைத்தாள். அடிப்பக்கத்தில் வாய் மாதிரி பிளந்தது. பிளவுக்குள் நகத்தை விட்டு நெருடிக்கொண்டே வெகுநேரம் நின்றாள்.

ஆறுமுகத்துக்கு நல்ல மனசு. ஹோஸில் இருந்த கம்பெனி பெயரைப் பார்த்துவிட்டு அவரே ஒரு வழி எடுத்துக் கொடுத்தார். "எவனா மெக்கானிக்கு கிளாம்ப்ப ஓவரா டைட் பண்ணிருப்பான்க்கா. உங்க கம்பெனி மேல தப்பு இருக்காது."

"வருசக்கணக்கா ஓடிருக்கு, ரப்பர்தானக்கா" என்றார் சேகர்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். டர்போ விஷயத்தில் ஜெயித்தாயிற்று. கார் எங்களிடமே இருக்கும், அவள் சொன்ன பேச்சும் நிற்கும். நான் கண்ணாலேயே அவளிடம் கெஞ்சினேன்.

"கிளாம்ப் தழும்பு இங்க கீது. கிழிஞ்சது இங்க" என்று காட்டினாள். "உள்ள வெச்சி சுத்துற துணி மடிஞ்சிகீது பாரு. செய்யும்போதே மடிஞ்சது. விரல் வுட்டு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." ஹோஸைத் திருப்பினாள். "இந்தப் பச்சை மார்க்கு நான் வெச்சது. இது எங்க பார்ட்டுதான். நான் வுட்டதுதான்."



எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? அந்தக் காரின் சாவியை வாங்கி முதன்முதலில் ஓட்டி வந்தபோதுகூட அவ்வளவு பெருமையாக இல்லை. சுற்றி நிற்கிற மூன்று பேருக்கும் கேட்கும்படி 'இவள் என் பொண்டாட்டி' என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. லஞ்ச் பேகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயிலிலிருந்து நேராக ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் கவரைப் பிரிக்காமலே நீட்டினார். ஸ்டெல்லா பிரித்தாள். வளைத்தாள், தடவினாள், உள்ளே விரல் விட்டாள்.

"மேடம், அது ஒரிஜினல்" என்றார் கடைக்காரர், கொஞ்சம் அடிபட்ட குரலில்.

"தெரியும். அதான் பாக்கறேன்" என்றாள்.

கிழிந்த ஹோஸைத் தூக்கிப் போட்டுவிடலாம் என்றேன். திங்கட்கிழமை காலையில் அதை லஞ்ச் பேகில் வைத்துக்கொண்டு கம்பெனி பஸ் ஏறினாள். "எதுக்கும்மா வம்ப விலை குடுத்து வாங்குற?" என்று கேட்டுப் பார்த்தேன். சாயங்காலம் வரை எனக்கு வேலை ஓடவில்லை. வந்ததும் முகத்தைப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. சூப்பர்வைசர் முதலில் திகைத்துப்போனாராம். பிறகு தவறான பாகங்களை மாட்டி வைக்கும் சாம்பிள் போர்டில் அதையும் மாட்டச் சொன்னாராம். புதிதாக வருகிற பெண்களுக்கு அதைக் காட்டிச் சொல்லித்தரும் வேலை ஸ்டெல்லாவுக்கு.

"இன்னான்னு சொல்லித்தர?" என்று கேட்டேன்.

"இது நான் வுட்டது, நீங்க வுடாதீங்கன்னு" என்றாள்.

பழுதே வராத பொருளை யாரும் செய்துவிட முடியாது. வந்தபோது 'என்னுடையது' என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஆபீஸில், வீட்டில், அரசியலில் அந்த ஆளைத்தான் காணோம். எல்லாரும் ஆளுக்கொரு சக்கரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுகிறோம்.

வண்டி இப்போது ஜம்மென்று ஓடுகிறது. மேம்பாலத்தில் கன்டெய்னர் லாரிகளையெல்லாம் நான் அலட்டாமல் தாண்டுகிறேன். வாசலில் வண்டி ஆறும்வரை உட்காருவதையும் விடவில்லை.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் போன வாரம் ஆறுமுகம் வந்தார். ஜன்னலில் கை வைத்துக் குனிந்தார். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"அண்ணே... ரிவர்ஸ்ல ஒரு கீச்சு சத்தம் வர்தில்ல?"

"ஆமா. தூசின்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தூசி இல்லண்ணே. பிரேக் பேடு. அது எங்குளுதுதான். ஞாயித்துக்கெழம நானே மாத்தி குடுக்கறேன்."

அதற்கு இரண்டு நாள் கழித்து சேகர் வந்து, பின்பக்க டயரின் ஓரத்தில் இருந்த ஒரு சிறு உப்பலை அவராகவே காட்டிவிட்டுப் போனார்.

தேவா மட்டும் இன்னும் வரவில்லை. நேற்று எங்கள் வாசலைத் தாண்டும்போது நடை கொஞ்சம் தயங்கியது. வரட்டும் — அதுவரை இடது பக்கக் கண்ணாடியில் இருக்கும் அந்தத் 'தண்ணிக் கறை'யை நான் துடைப்பதாக இல்லை.