குப்பிக்கு வந்த கண்ணாடி அலமாரி

அலமாரின்னா அதுதான் அலமாரி. இப்ப வர்றதெல்லாம் தகரம், விரலால தட்டினா டங்கு டங்குங்குது. அது ஈட்டி மரம். கறுகறுன்னு, குளிப்பாட்டி எண்ண தடவுன எரும மாதிரி ஒரு மினுமினுப்பு. ரெண்டு கதவு, ரெண்டுலயும் ஆளுயரக் கண்ணாடி. கீழ நாலு காலும் புலிப்பாதமா செதுக்கியிருக்கும், நகம் கூட உண்டு. அந்த நகத்த நான் குனிஞ்சு எண்ணிப் பாத்திருக்கேன். எண்ணத் தெரியாது, ஆனாலும் எண்ணுனேன். அப்படி ஒரு அழகு.

அது எப்படி எங்க வீட்டுக்கு வந்துச்சுன்னு கேக்கிறீங்களா? வெள்ளக்காரன் நாட்ட விட்டுப் போயி கொஞ்ச வருஷம் ஆச்சு. போர்ட் கொச்சியில பங்களா வச்சிருந்த தொரைமாருங்க ஒவ்வொருத்தரா கப்பல் ஏறிக்கிட்டு இருந்தாங்க. போறப்ப நாற்காலி, மேச, பீங்கான், நாய்க்குட்டி எல்லாத்தையும் வித்துட்டுப் போவாங்க. மட்டாஞ்சேரியில பாதி வீட்டுல தொரை வீட்டு சாமான் ஏதாவது ஒண்ணு இருக்கும். எங்க பக்கத்து வீட்டுக்காரங்க ஒரு குளிக்கிற தொட்டிய வாங்கிட்டு வந்து, அதுல ஆட்டுக்குப் புண்ணாக்கு கரைச்சு வச்சாங்க. சரி, அது கெடக்கட்டும்.

அலமாரி வாங்குனது பெரியத்தா. எங்க அத்தாவோட, அதான் அப்பாவோட, அண்ணன். பஜார்ல கடை, வீட்டுல ராஜா. அவர் வாங்குனது எங்க குப்பி கல்யாணத்துக்கு. குப்பின்னா பாட்டில்னு நெனச்சிடாதீங்க, அத்தாவோட தங்கச்சிய எங்க ராவுத்தர் வீடுகள்ல அப்படித்தான் கூப்பிடுவோம். எங்க ஆளுங்க வழக்கத்துல பொண்ணுதான் மாப்ள வீட்டுக்குப் போவா. ஆனா கொச்சிக்கு வந்து குடியேறி மூணு தலைமுறை ஆனதுல, இந்த ஊரு வழக்கம் ஒட்டிக்கிச்சு. மாப்ள பொண்ணு வீட்டுல வந்து தங்குவாரு. அவருக்கு மாடியில ஒரு அறைய, நாங்க முறிம்போம், ஒதுக்கி, கட்டிலு, மெத்த, அலமாரின்னு பொண்ணு வீட்டுக்காரங்க ஜோடிச்சு வைக்கணும். அதுக்கு மணியறன்னு பேரு. மாப்ள வீட்டுப் பொம்பளைங்க வந்து அந்த முறியத்தான் மொதல்ல பாப்பாங்க. அப்புறந்தான் பொண்ணப் பாப்பாங்க!

குப்பிக்கு அதுக்கு முன்னாடி ஒரு சம்மந்தம் பேசி நின்னு போயிருந்துச்சு. பேச்சு முடிச்ச வாரத்துல எங்க தாதா, அத்தாவப் பெத்தவரு, மவுத்தாயிட்டாரு. ராசி இல்லாத பொண்ணுன்னு அவங்க திரும்பிப் போயிட்டாங்க. அதுலேர்ந்து பெரியத்தாவுக்கு எதக் கண்டாலும் பயம். எங்க குடும்பத்துல ஒரு வழக்கம் உண்டு. மணியற சாமான வண்டியிலேர்ந்து எடுத்தாங்கன்னா, முறிக்குள்ள போயித்தான் எறக்கணும். வழியில தரையில வைக்கக் கூடாது. நடுவழியில வச்சா கல்யாணமும் நடுவழியில உக்காந்துடும்பாங்க. பாய், தலகாணிக்கு அது சரி. தாதாவோட காலத்துல மணியறைக்குப் போனதே அதுதானே. ஈட்டி மரத்து அலமாரிக்கும் அதே சட்டம்னு பெரியத்தா நின்னாரு பாருங்க, அங்கதான் வந்துச்சு வென.

அலமாரி வந்தது கல்யாணத்துக்கு மொத நாள். அன்னைக்குக் காலையில தெருவே எங்க வாசல்ல. வண்டி எங்க தெருவுக்குள்ள நுழையாது, ரெண்டு பேரு எதிரெதிர வந்தாலே ஒருத்தர் செவுத்தோட ஒட்டி நிக்கணும். அதனால பஜார் முக்குல நிறுத்திட்டாங்க. சுமட்டுக்காரங்க ஆறு பேரு, அவங்களுக்கு ஒரு மூப்பன். வெள்ள மீச, காதுல பீடி. அவரு வந்து வீட்டப் பாத்தாரு, படியப் பாத்தாரு. எங்க மாடிப்படி மரப்படி, ஏணி மாதிரி செங்குத்து, பாதியில ஒரு திருப்பம். போதாக்குறைக்குக் கல்யாண வீடுன்னு பொம்பளைங்க காலையிலதான் நார் போட்டுத் தேச்சுக் கழுவி விட்டிருந்தாங்க.

"காக்கா, இது படியில கேறாது," ன்னாரு மூப்பன் பெரியத்தாகிட்ட. அண்ணங்கிறத அங்க காக்காம்பாங்க. "முற்றத்துல எறக்கி வெச்சு, கயிறு கெட்டி, ஜன்னல எளக்கி மேல வலிச்சு ஏத்தலாம். அர மணிக்கூர் வேல."

"தரையில வைக்கக் கூடாது."

"அப்ப பிரிச்சுக் கொண்டு போவாம். கதவு வேற, கண்ணாடி வேற..."

"தொர வீட்டு ஆசாரி செஞ்சது. பிரிச்சா உங்கப்பன் வந்து சேப்பானா?"

மூப்பன் காதுலேர்ந்து பீடிய எடுத்தாரு, பாத்தாரு, திரும்பக் காதுலயே வச்சாரு. வழியில ஒரு தடவ கூட எறக்க விடமாட்டாங்கன்னு தெரிஞ்சதும் ஆறு பேர்ல ஒருத்தன் தலச் சும்மாட்ட அவுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு, "எனக்கு பெண்ணும் பிள்ளேம் உண்டு சேட்டா" ன்னு சொல்லிட்டு நடையக் கட்டிட்டான்.

அப்பத்தான் பெரியத்தா கண்ணு எங்க மாமு மேல விழுந்துச்சு.

மாமு எங்க அம்மாவோட தம்பி. எங்க வீட்டுலதான் சாப்பாடு, படுக்க. கடவுல கப்பல் சரக்கு எறக்குற வேல. அந்த வேலைக்குத் தெனமும் காலையில என்ன பண்ணுவாங்க தெரியுமா? கூட்டத்துக்கு நடுவுல கங்காணி தகர வில்லைய அள்ளி வீசுவான். நாய்க்கு எலும்பு போடுற மாதிரி. அடிச்சுப் புடிச்சு யாரு கைக்குக் கெடைக்குதோ அவனுக்கு அன்னைக்கு வேல. அதுக்கு சாப்பான்னு பேரு. மாமுவுக்கு அன்னைக்கு சாப்பா கெடைக்கல. ஒதடு கிழிஞ்சதுதான் மிச்சம். அடுக்களையில உக்காந்து கப்பக் கெழங்கும் சாயாவும் சாப்பிட்டுக்கிட்டு, அந்த ஒதட்ட வச்சுக்கிட்டே என்னைச் சிரிக்க வச்சுக்கிட்டு இருந்தாரு.

"என்னடா, திங்கிறதுக்கு மட்டுந்தான் ஆளா? வந்து தோள் குடு," ன்னாரு பெரியத்தா.

அம்மா மாமு கையப் புடிச்சாங்க. "தம்பி, நீ தொடாத. ஒரு கீறல் விழுந்தாலும் 'இவ தம்பி கை பட்டுத்தான்' னு நான் மவுத்தாகுற வரைக்கும் இந்த வீட்டுல கேக்கணும்."

"கீறல் விழாதுக்கா. நான் கப்பல்லேர்ந்து மோட்டார் காரையே எறக்குனவன்."

"நீ ஒருத்தனா எறக்குன?"

"கூட நாப்பது பேரு இருந்தாங்க. ஆனா கஷ்டப்பட்டது நான் மட்டுந்தான்." ன்னு கண்ணடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அந்த ஊர்வலத்த நீங்க பாத்திருக்கணும்! கண்ணாடிக்கு மேல பச்சப் போர்வையச் சுத்தி, ஆறு பேரு தோள்ல அலமாரி, முன்னாடி மூப்பன் கொரல் குடுக்க, பின்னாடி எல்லாரும் ஐலசா. நாங்க பொடிசுங்க எல்லாம் அதுக்கும் பின்னாடி ஐலசா. ஒரு கெழவர் ஏதோ சாவு, மய்யித்து வருதுன்னு நெனச்சுத் தொப்பிய எடுத்து மாட்டிக்கிட்டு எந்திரிச்சு நின்னுட்டாரு. தெருவே சிரிச்சுச்சு. பெரியத்தா மட்டும் சிரிக்கல. "வைக்காத, வைக்காத" ன்னு கூடவே ஓடி வந்தாரு.

வாசல் தாண்டி படிகிட்ட வர்றதுக்குள்ள ஆறு பேருக்கும் காலு ஆடுது. "ஒந்நு எறக்கி சுவாசம் விடட்டே, காக்கா" ன்னு மூப்பன் கெஞ்சுறாரு. பெரியத்தா ரெண்டு கையையும் விரிச்சுத் தரைய மறைச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஏறுனாங்க. மேல ரெண்டு பேரு இழுக்க, நடுவுல பக்கத்துக்கு ஒருத்தர் ஏந்த, கீழ மாமுவும் இன்னொரு ஆளும். மூப்பன் கீழ நின்னு கை காட்டுறாரு. திருப்பத்துல நடுவுல இருந்தவங்களுக்கு நிக்க எடமில்ல, வெலகி மேல ஏறிட்டாங்க. அந்த நேரம் பாத்து மேல இருந்தவன் ஈரப்படியில வழுக்கிட்டான்.

சுமட்டுக்காரங்களுக்கு மொதப் பாடமே என்ன தெரியுமா? சரக்கு சரிஞ்சா வழி விட்டுடணும். புடிக்கப் போகக் கூடாது. கீழ இருந்த ஆளு அப்படித்தான் குதிச்சு வெலகிட்டான். மாமுவுக்கும் அந்தப் பாடம் தெரியும், வயசு வந்த நாள்லேர்ந்து அதுல தானே சோறு. ஆனா மாமு வெலகல. சட்டுனு திரும்பி, படியில காலை ஊணி, முதுகக் குடுத்துட்டாரு. அந்த அலமாரி மொத்தமும் அவரு முதுகு மேல வந்து உக்காந்துச்சு.

"விட்டேக்கடா! சாடிக்கோ!" ன்னு, விட்டுட்டுக் குதிக்கச் சொல்லி மூப்பன் கத்துறாரு.

"விடாத!" ன்னு பெரியத்தா.

அடுக்கள வாசல்லேர்ந்து குப்பி ஓடி வந்தா. ஆம்பளைங்க முன்னாடி அவ கொரல யாரும் கேட்டது கெடையாது. "விட்டுடுங்க! எனக்கு அலமாரி வேணாம், கல்யாணமும் வேணாம், விட்டுடுங்க!" ன்னு கத்துனா. பெரியத்தா அவள உள்ள புடிச்சுத் தள்ளிட்டாரு.

மாமு எங்க அம்மாவத்தான் பாத்தாரு. அப்புறம் என்னைப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் வெளிய பிதுங்கி, கன்னம் உப்பி, கிழிஞ்ச ஒதட்டோரம் நாக்கு தொங்குது. எனக்குக் கொரங்கு மூஞ்சி காட்டுறாருன்னு நெனச்சேன். அவரு எப்பவும் அப்படித்தானே. நான் கை தட்டித் தட்டிச் சிரிச்சேன். அவ்வளவு நல்லா அவரு ஒருநாளும் காட்டுனதில்ல.

மத்தவங்க வந்து கை குடுக்கிறதுக்குள்ள 'டக்' னு ஒரு சத்தம். படி ஒடஞ்சுடுச்சுன்னு எல்லாரும் படியப் பாத்தாங்க. படிக்கு ஒண்ணும் ஆகல.

அலமாரி மேல போயிடுச்சு. ஒரு கீறல் இல்ல. போர்வைய உருவிட்டு பெரியத்தா கண்ணாடியில தன் தாடியப் பாத்து, அல்ஹம்துலில்லான்னு சொல்லி, எல்லாருக்கும் சர்பத்து கலக்கச் சொன்னாரு. மாமு படிக்குக் கீழ மல்லாந்து கெடந்தாரு. மூப்பன் சர்பத்து குடிக்கல. மாமு பக்கத்துல குத்த வச்சு, காலத் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும், காக்கா. இப்பத்தன்னே" ன்னாரு.

பெரியத்தா வாசக் கதவச் சாத்துனாரு. "கல்யாணத்துக்கு முன்னால ஆஸ்பத்திரி, கட்டுன்னு மாப்ள வீட்டுக்குச் சேதி போனா, இன்னொரு தடவ திரும்பிப் போயிடுவாங்க. இந்தப் பொண்ணுக்கு மூணாவது மாப்ள யாரு கொண்டு வருவா? கல்யாணம் முடியட்டும். சுளுக்குத்தானே." அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாங்க. அத்தா அவங்களப் பாத்தாரு. அவ்வளவுதான்.

மாமுவ அடுக்களைக்குப் பின்னால விறகு முறியில பாய் போட்டுக் கெடத்துனாங்க. கேட்டவங்களுக்கு எல்லாம் காய்ச்சல்னு சொன்னாங்க. வைத்தியரக் கூப்பிடல, வந்தா தெருவுக்குத் தெரியுமே. அம்மா உப்ப வறுத்துத் துணியில கட்டி ஒத்தடம் குடுத்தாங்க. "இனி நாந்தான் தொர, படுத்த எடத்துக்கு சாயா வருது" ன்னு மாமு சொன்னாரு. ஒடனே கொண்டு வந்திருந்தா ஏதாச்சும் பண்ணியிருக்கலாம்னு ஆஸ்பத்திரியில பிற்பாடு சொன்னாங்களாம். எனக்கு அதெல்லாம் அப்ப யாரு சொல்வா?

கல்யாணம் ஜோரு. நெய்ச்சோறும் இறைச்சியும் தெரு முக்கு வரைக்கும் மணம். மாப்ள வீட்டுப் பொம்பளைங்க மாடிக்குப் போயி அலமாரியப் பாத்து வாயப் பொளந்துட்டாங்க. ஒவ்வொருத்தியா கண்ணாடி முன்னால நின்னு முக்காட்ட சரி பண்றதும், திரும்பி முதுகப் பாக்கிறதும். ஒரு கெழவி தன்னை முழுசா மொத மொறையாப் பாத்துட்டு, "இவ யாரு?" ன்னு கேட்டா. நான் சிரிச்சு உருண்டுட்டேன்.

அந்தக் கதைய மாமுகிட்ட சொல்லணும்னு மத்தியானம் ஒரு தட்டுல சோறு எடுத்துக்கிட்டு விறகு முறிக்கு ஓடுனேன். கதையச் சொன்னேன். மாமு ஒதட்டால மட்டும் சிரிச்சாரு. எனக்கு அது போதல. மாமுவுக்கு உள்ளங்கால்ல கிச்சுகிச்சு ஆகவே ஆகாது, விரல் பட்டாலே கோழி மாதிரி கூவுவாரு. போர்வைய விலக்கி, கால் மாட்டுல உக்காந்து மூட்டுனேன். அவரு பாட்டுக்கு மோட்டுவளையப் பாத்துக்கிட்டு இருந்தாரு. ரெண்டு காலுலயும் மூட்டுனேன். நகத்தால கோடு போட்டேன்.

"என்ன மாமு, அடக்கிக்கிட்டு இருக்கீங்களா?"

"எதப் புள்ள?"

"கிச்சுகிச்சு."

தலையத் தூக்கிப் பாக்கப் பாத்தாரு. முடியல. "எங்க, மூட்டு பாப்போம்," ன்னாரு.

"மூட்டிக்கிட்டுத்தானே இருக்கேன்!"

அவரு ஜெயிச்சுட்டாருன்னு எனக்கு ஒரே ஆச்சரியம். பந்திக்கு ஓடி, மாப்ள வீட்டு ஆளுங்களுக்குக் கறி வச்சுக்கிட்டு இருந்த அம்மாவோட முந்தானையப் புடிச்சு, "அம்மா, மாமுவுக்கு இப்ப கிச்சுகிச்சே இல்ல!" ன்னு கத்துனேன். பந்தியே சிரிச்சுச்சு. அம்மா என் கையத் தட்டி விட்டுட்டு அடுத்த ஆளுக்குக் கறி வச்சாங்க.

திரும்பி வந்து, "மாமு, நான் தோத்துட்டேன், நீங்கதான் ஜெயிச்சீங்க" ன்னு சொன்னேன். மாமு மொகத்த விறகுப் பக்கம் திருப்பிக்கிட்டாரு. எவ்வளவு கூப்பிட்டும் திரும்பல. எனக்கு வந்துச்சே கோவம்! ஜெயிச்ச ஆளு எங்கயாச்சும் மொகத்தத் திருப்பிக்குவாங்களா, அழுகுணி ஆட்டம் ஆடுறாருன்னு, அந்த நெய்ச்சோத்த நானே உக்காந்து தின்னுட்டேன்.