ஒன்று விட்டு ஓர் இலை

என் மகளின் திருமணம் திருப்பதியில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் சித்தூர்த் தெலுங்கர்கள். நாங்கள் நகரிப் பக்கத்துத் தமிழர்கள். பிள்ளைகள் இருவரும் பெங்களூரில் புதிதாகத் தொடங்கிய ஒரு கணினி நிறுவனத்தில் சேர்ந்து வேலை பார்த்தவர்கள். முகூர்த்தத்தின்போது எங்கள் உறவினர் இடப்பக்க நாற்காலிகளிலும் அவர்கள் உறவினர் வலப்பக்கத்திலும் அமர்ந்திருந்தனர். அப்படி அமரும்படி யாரும் சொல்லவில்லை. நடுவிலிருந்த வழியைத் தாண்டி ஒருவரும் போகவில்லை.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் வரலாறு கற்பித்த எனக்கு இது பொறுக்கவில்லை. சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நானே நின்று, எங்களில் ஒருவர், அவர்களில் ஒருவர் என்று ஒன்று விட்டு ஓர் இலையில் அமர்த்தத் தொடங்கினேன். எவரையும் யாரென்று கேட்கவில்லை; பார்த்தாலே தெரியும் என்று நம்பினேன். நல்ல சிவப்பாக, தங்கச் சட்டக் கண்ணாடியோடு வந்த ஒருவரைத் தெலுங்கில் நெடுநேரம் உபசரித்தேன். அவர் என் தங்கையின் வேலூர்ச் சம்பந்தி என்று பிறகு தெரிந்தது. ஒரு சொல்லும் புரியாமல் மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்து, வெயிலில் கறுத்த ஒருவர் சட்டைக் கையை மடித்துவிட்டபடி வந்தார். எங்கள் நிலத்தில் கூலி வேலைக்கு வருபவர்களில் ஒருவர் என்றே நினைத்தேன். அவர்கள் கடைசிப் பந்தியில் உண்பது வழக்கம்.

"நீ அடுத்த பந்தியில உக்காருப்பா" என்றேன். அன்பாகத்தான் சொன்னேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, கை கழுவும் குழாயருகே போய் நின்றுகொண்டார்.

சற்று நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா வியர்க்க விறுவிறுக்க வந்தார். சம்பந்தி முறைக்கு என்னைத் தெலுங்கில் பாவகாரு என்றுதான் அழைப்பார். "பாவகாரு, அவர் என் மனைவியோட தம்பி. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். குவைத்திலேருந்து நேத்துதான் வந்தார்."

மாமன் உண்ணாமல் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இலையில் கை வைக்க மாட்டார்கள். எட்டிப் பார்த்தேன், எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். கல்யாணச் சாப்பாட்டை உண்ணாமல் சம்பந்தி வீட்டார் எழுந்து போனால், சித்தூரில் நான் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

நான் அதுவரை மன்னிப்பு என்று எவரிடமும் வாயால் கேட்டதில்லை. கல்லூரி முதல்வருக்கு ஒருமுறை கடிதமாக எழுதியதுண்டு. வாக்கியத்தை அமைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. குவைத்தில் தமிழர்களோடு ஓரறையில் வாழ்ந்து கற்ற தமிழில், "அடுத்த பந்தின்னு சொன்னீங்களே, அதுலயே சாப்பிடறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க" என்றார். தம் அக்காவுக்குக் கைகாட்டினார். பெண்கள் அமர்ந்தார்கள்.

அடுத்ததுதான் கடைசிப் பந்தி. அதில் நாங்கள் இருவரும் உட்கார்ந்ததும், எங்கள் நிலத்து ஆட்கள் எழுந்து மூன்று இலை தள்ளிப் போனார்கள். அருகே வரும்படி அழைத்தேன்.

"வேணாம் சார், இப்பிடியே உக்காந்துக்கினு துன்றோம். அப்பதான் சோறு எறங்கும்."

மாமன் உண்ணத் தொடங்கினார். ரசம் வந்தது, பாயசம் வரவில்லை. கேட்டதற்கு, கடைசிப் பந்திக்கு அது எப்போதும் மிஞ்சுவதில்லை என்றார் பரிமாறுபவர். எத்தனையோ விசேஷம் நடத்திய எனக்கு இது புதுச் செய்தி. மாமனிடம் மன்னிக்கும்படி கேட்டேன். இம்முறை வாக்கியம் முழுமையாக வந்தது.

"எங்கிட்டயா கேக்கறீங்க, அவங்ககிட்டயா?" என்றார்.

எழுந்து நின்று அவர்களிடமும் கேட்டேன். என்ன தவறு நேர்ந்ததோ என்று பயந்து, பாதிச் சாப்பாட்டில் அத்தனை பேரும் எழுந்துவிட்டார்கள். மாமன் அன்று முதன்முறையாகச் சிரித்தார். அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, தமக்கு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார்.