நாலாவது முதலிடம்

நான் உள்ளே ஒரு நாள்கூட வேலை பார்க்காத கம்பெனி, பத்து வருஷம் கழித்து எங்கே நிற்கும் என்று எழுதிக் கொடுப்பது என் தொழில். அதற்குப் பெயர் விஷன் ஸ்டேட்மென்ட். யாரையோ பார்க்கப் போய், ரிசப்ஷனில் முக்கால் மணி நேரம் காத்துக் கிடந்து, எதிர்ச் சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ‘உன்னதம்’, ‘உலகத் தரம்’, ‘உயரிய நோக்கம்’ என்று படித்து நொந்துபோனவரா நீங்கள்? நாம் ஒரே கட்சி. நீங்கள் படித்து நொந்தீர்கள், நான் எழுதி நொந்தேன்.

சிவப்புப் பேனா

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்களில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு தனியார் கல்லூரியில் தமிழ் விரிவுரையாளராக இருந்தேன். அங்கீகாரக் குழு வருகிறது, அதற்குள் சுவரில் விஷன் தொங்க வேண்டும் என்றார்கள். ஆங்கிலத்தில் எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்தார்கள். தமிழ் என் தலையில் விழுந்தது. ‘அஞ்சாமல் கேள்வி கேட்கும் மாணவர்களை உருவாக்குவது’ என்று முதல் வரி எழுதினேன்.

தாளாளர் அதைச் சிவப்புப் பேனாவால் அடித்துவிட்டு, ‘பணிவுள்ள மாணவர்கள்’ என்று மாற்றச் சொன்னார். மாட்டேன், வேறு யாரையாவது எழுதச் சொல்லுங்கள் என்றேன். அடுத்த ஜூனில் எனக்கு வேலை இல்லை. காரணம் கேட்கப் போனபோது அவர் கோபப்படக்கூட இல்லை. “கேள்வி கேக்கற பசங்கள உருவாக்கறது இருக்கட்டும்மா, மொதல்ல கேள்வி கேக்கற டீச்சருங்களக் கொறைக்கணும்.”

வாட்ச்மேன் கணக்கு

வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, என் வேலையைப் பறித்த விஷனையே தொழிலாக்கினேன். தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் அப்போது ஐ.எஸ்.ஓ. காய்ச்சல். சர்டிபிகேட் வேண்டும் என்றால் விஷன் வேண்டும். பாட்டில் மூடி செய்பவரோ, அட்டைப் பெட்டி செய்பவரோ, ‘இந்தியாவில் முதலிடம்’ இல்லாமல் எந்த முதலாளியும் என்னை வெளியே விடமாட்டார். புதுத் தொழில், வயிற்றுப்பாடு. கேட்டபடியே எழுதிக் கொடுத்தேன், மறைக்கவில்லை.

ஒரு நாள் சட்டம் போட்ட போர்டை ஆட்டோவிலிருந்து இறக்கினேன். கேட்டைத் திறந்த வாட்ச்மேன் நிதானமாக எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரு பார்வை பார்த்தார். “ஏம்மா, இந்தத் தெருவுல இது நாலாவது மொதலிடம்.”

தாழ்ப்பாள்

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். உள்ளே வேலை பார்ப்பவர்களிடம் பேசாமல் இனி ஒரு வரி எழுதுவதில்லை. அடுத்து வந்தது ஒரு சோப்புக் கம்பெனி. “அதுங்ககிட்ட என்னா கேக்கப் போறீங்க?” என்றார் முதலாளி. கேட்காமல் எழுத மாட்டேன் என்றதும் வேண்டாவெறுப்பாகச் சம்மதித்தார்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேக்கிங் பெண்களோடு உட்கார்ந்தேன். பத்து வருஷத்தில் இந்தக் கம்பெனி எப்படி இருக்கணும் என்றேன். சிரித்தார்கள். செல்வி என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. “பாத்ரூம் கதவுக்குத் தாப்பா இல்ல மேடம். ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய காவல் நிக்கிறோம். நின்னா சூப்பர்வைசர் திட்றாரு. அதனால காலையிலேருந்து நாங்க யாரும் தண்ணியே குடிக்கறதில்ல.” டிபன் பாக்ஸைத் திறந்தவள் அப்படியே மூடிவிட்டேன்.

‘எங்கள் நிறுவனத்தில் பெண்களின் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும்.’ இதுதான் நான் கொண்டுபோன முதல் வரி. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது.

“இத எப்பிடிம்மா ரிசப்ஷன்ல மாட்டறது?”

“தாழ்ப்பாளை மாட்டிடுங்க சார். இந்த வரியை எடுத்துடறேன்.”

“நான் வேற ஆளப் பாத்துக்கறேன்.”

“பாருங்க. ஆடிட் திங்கக்கிழமைன்னு சொன்னீங்க.”

வீராப்பாகச் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். இரண்டு நாள் கழித்து, தாழ்ப்பாள் போட்டாயிற்று என்று முதலாளியிடமிருந்து போன் வந்தது. நேரில் போய், புது இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்து, திறந்து பார்த்து, அதற்கப்புறம்தான் அந்த வரியை எடுத்தேன். வாசல்வரை செல்வி கூடவே வந்தாள். “அடுத்த தடவ விஷன் எழுத வரும்போது ஃபேனையும் சேத்துக்குங்க மேடம்.”

தேதி

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா, எண்பதைத் தாண்டியவர், ஒரு சின்ன நூலகச் சங்கத்துக்குத் தலைவர். ‘வருங்காலத்தில் குழந்தைகளுக்குத் தனி மாடி’ என்று எழுதியிருந்தேன். “வருங்காலம்னா எப்போ?” என்றார். விஷனில் தேதி போடும் வழக்கம் இல்லை என்றார் செயலாளர். “போடு. பத்து வருஷம்.” செயலாளர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். பெரியவர் அதைக் கவனித்து அவர் பக்கம் திரும்பினார். அவருக்கு எந்த ஐயாவும் பிரெஞ்சு ‘முசியே’தான். “என் வயச ஏன் பாக்கற முசியே? தேதிய எழுது. அன்னிக்கி மாடி ஏறி வந்து நானே பாப்பேன்.”

அபலைகள்

சுனாமிக்கு அடுத்த வருஷம். பிள்ளைச்சாவடியில் மீன் விற்கும் பெண்கள் ஒரு குழு ஆரம்பித்திருந்தார்கள். உதவி செய்ய வந்த தொண்டு நிறுவனத்தின் அதிகாரி, விஷனைத் தானே யோசித்துக்கொண்டு வந்திருந்தார்: ‘அனைத்தையும் இழந்து தவிக்கும் அபலைப் பெண்களைக் கைதூக்கி விடுவது.’ நான் அதை அழகாக்கித் தர வேண்டும். சரியாக முடித்தால் இன்னும் பத்து கிராமத்துக்கு நான்தான் என்றார்.

குழுத்தலைவி அஞ்சலாட்சியிடம் படித்துக் காட்டினேன். அபலை என்றால் என்ன என்று கேட்டார். துணையில்லாதவள், பலமில்லாதவள் என்றேன். சுற்றி இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். “நம்மளயா சொல்றாரு? கூடையோட ஏறாதன்னு சொன்ன கண்டக்டர எறக்கி உட்டு நியாயம் கேட்டது யாரு? அத எழுதச் சொல்லு.”

எழுதினேன். ‘கூடையோடு பஸ்ஸில் ஏறுவோம். எங்கள் மீனுக்கு நாங்களே விலை சொல்வோம். ஐஸ் பெட்டி எங்கள் சொந்தமாக இருக்கும்.’ அபலை இல்லாவிட்டால் உதவி வராது என்றார் அதிகாரி. அப்படியென்றால் அந்த அபலை வரியை என் கையால் எழுத முடியாது என்றேன். பத்து கிராமமும் அங்கேயே போனது. பெண்கள் நான் எழுதியதையே ஏலக் கொட்டகைச் சுவரில் நீலப் பெயின்ட்டில் எழுத வைத்தார்கள்.

உதவிப் பணம் தருபவர்கள் ஒரு நாள் காலை கேமராவோடு வந்தார்கள். அந்தச் சுவருக்கு முன்னால் எல்லோரையும் நிறுத்தி, கொஞ்சம் சோகமாக இருக்கச் சொன்னார் அதிகாரி. அஞ்சலாட்சி கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். “சோகமா நிக்கறதுக்கெல்லாம் இன்னிக்கி நேரமில்ல சார், ஏவாரம் இருக்கு.”

இத்தனை வருஷத்தில் எந்த நிறுவனத்தையும் அதன் லட்சியத்தில் நான் கொண்டுபோய்ச் சேர்த்ததாகத் தெரியவில்லை. என்னை இரண்டாம் முறை கூப்பிடாத நிறுவனங்களின் பட்டியல் மட்டும் ஜோராக வளர்ந்துகொண்டிருக்கிறது, அதை வேண்டுமானால் நானே சட்டம் போட்டு மாட்டிக்கொள்வேன்.