பரிசல் புரோகிராமின் முதல் வரி

தருமபுரியில் நான் படித்த கல்லூரியின் லேபில் இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர்தான். ஏரியூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருத்தியோடு என்னை உட்கார வைத்தார்கள். ஜாவா புரோகிராம் எழுதும் மென்பொருளில் டைப் செய்வதெல்லாம் அவள்தான். தப்பென்று சிவப்புக் கோடு விழும் இடத்தைக் காட்டுவதைத் தவிர நான் ஒன்றும் கிழிக்கவில்லை.

‘பரிசல்’ என்று ஒரு கிளாஸ், அதாவது அச்சு மாதிரி ஒன்று, எழுதினாள். அதிலிருந்து எத்தனை பரிசல் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஐந்தாவது ஆளை எந்தப் பரிசலும் ஏற்றாது. லாகின் அவளுடையது என்பதால், எழுதியவர் என்று அவள் பெயரை மென்பொருளே முதல் வரியில் போட்டுவிட்டது. அதைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாள்.

புரோகிராம் முக்கால்வாசி முடிந்தபோது அவளுக்கு நிச்சயம் செய்துவிட்டார்கள். “கல்யாணம் முடிஞ்சதும் வந்து முடிச்சிடறேன். இதை மட்டும் அழிச்சிடாதடி” என்றாள். வரவில்லை. மீதியை நானே தட்டுத்தடுமாறி முடித்தேன்.

ரெக்கார்டு நோட்டுக்குப் பிரின்ட் எடுக்கும் அன்று, “அந்தப் பொண்ணு இனிமே வராதும்மா, உன் பேரைப் போட்டுக்கோ” என்றார் மேடம். ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம். பேசாமல் அவள் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்து, என் பெயரை அடித்தேன். முழு மார்க் கிடைத்தது.

இப்போது பெங்களூரில் புரோகிராம் எழுதும் வேலைதான் செய்கிறேன். போன மாதம் அவள் போன் செய்தாள்.

“அந்தப் பரிசல் புரோகிராம் இருக்குதா?”

“அப்படியே இருக்கு” என்றேன்.

“மேல எம் பேரு இருக்குமில்ல, அதை அனுப்புடி. எம் பொண்ணுகிட்ட காட்டணும்.”