தகரக் கூரையும் என் நேர்முகத் தேர்வும்

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயத்து வீடுகளில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு. ஆனால் அந்தச் சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டிலிருந்து நலம் விசாரிப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துதான் கொழும்பில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தின் பயிற்சி வேலைக்காக ஆங்கிலத்தில் சத்தம்போட்டுப் பேசிப் பழகினேன். அந்தப் பயிற்சி முடியாமல் பல்கலைக்கழகம் பட்டம் தராது. கேட்ட மற்ற இடங்களிலெல்லாம் கைவிரித்துவிட்டார்கள். இதுவும் போனால் ஒரு வருடம் வீண்.

அடுத்த வீட்டு அண்ணன் கொழுந்து லொறி ஓட்டுபவர். நான் வாயைத் திறந்தால் போதும், சுவருக்கு அந்தப் பக்கமிருந்து, "நேத்து இந்த எடத்துல நிக்காமப் போச்சே, இன்னைக்கு ஏன் தங்கச்சி இழுக்குது?" என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஆனால் அங்கே தடுமாறியது உண்மைதான்.

தேர்வு ஃபோனில், வீடியோவில். ஹட்டனில் மாமா வீட்டுக்குப் போய் அமைதியாகப் பேசுவதாகத்தான் ஏற்பாடு. அன்று காலை மண்சரிவில் ரோடு மூடிவிட்டது, பஸ் இல்லை. சரி என்று வீட்டிலேயே, சிக்னல் கிடைக்கும் ஜன்னல் மூலையில் ஸ்டூலைப் போட்டேன். அம்மா லயம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். டீவி இல்லை, சண்டை இல்லை. நாயைக்கூட யாரோ கூட்டிக்கொண்டு போயிருந்தார்கள்.

மழைக்கு யார் போய்ச் சொல்வது? முதல் கேள்விக்குப் பதில் தொடங்கியதுமே தகரத்தில் கொட்ட ஆரம்பித்தது. திரையில் இருந்த அம்மையார் கேட்கவில்லை என்றார். கத்தினேன். அப்போதும் கேட்கவில்லை. வேறொரு நாள் வைத்துக்கொள்வோமா என்று அவர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்த வேறொரு நாள் வராது என்று எனக்குத் தெரியும்.

அப்போது தலைக்கு மேலே பொத்து பொத்தென்று ஏதோ விழுந்தது. இரைச்சல் அடங்கியது. மழை விட்டுவிட்டது என்றே நினைத்தேன். மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு பேசினேன், எங்கேயும் இழுக்கவில்லை. கடைசியில் அம்மையார் சிரித்தபடி, அடுத்த மாதம் முதலாம் திகதி வந்துவிடுங்கள் என்றார்.

கதவைத் திறந்தால் வெளியே அடித்து ஊற்றுகிறது. பின்பக்கம் ஓடினேன். அங்கே மண்மேடு கூரை உயரத்துக்கு இருக்கும். அதன்மேல் அம்மா, லொறி அண்ணன், அவர் மனைவி, கடைசி வீட்டு அத்தை எல்லோரும் தொப்பலாக நனைந்து நின்றார்கள். நான் கத்தியது லயம் முழுக்கக் கேட்டிருக்கிறது. வீட்டிலிருந்த கம்பளிகளை அள்ளிவந்து என் தலைக்கு மேலே கூரையில் விரித்து, காற்றில் பறக்காமல் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"கெடைச்சிருச்சு" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

"ராத்திரிக்கு எதப் போத்திக்குவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அடுப்பு இருக்குல்ல, சுத்தி ஒக்காந்துக்குவோம்" என்றார் அத்தை. "இப்ப அழாம இந்த நுனியப் புடி புள்ள. புழிஞ்சு போடுவோம்."

பிடித்தேன். கையைக் கீழே இழுத்துக்கொண்டு போனது. நனைந்த கம்பளி அவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது. நான் பேசி முடிக்கும்வரை அதைத்தான் அவர்கள் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.